மஞ்சளும் நேர்வாளமும்: தோல் புற்றுநோய்த் தடுப்பு ஆய்வுக்குப் புதிதாக வருபவருக்கு

முதுகலை முடித்துவிட்டு ஆய்வுக்கு வருகிற பிள்ளைகள் பலர் கையோடு ஒரு செடியையும் கொண்டுவருகிறார்கள். பாட்டி வீட்டுக் கொல்லையில் நின்றது, ஊரில் புண்ணுக்கு அரைத்துப் போடுவது, வைத்தியர் ஒருவர் சொல்லிக் கேட்டது. "இதுக்குப் புற்றுநோயைத் தடுக்குற குணம் இருக்கான்னு பார்க்கணும்" என்பார்கள். நல்ல ஆசை. நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் இந்தக் கேள்விக்கு எந்த எலியும் பதில் சொல்லாது. எந்த வேதிப்பொருளுக்கு எதிராக, நோயின் எந்தக் கட்டத்தில், எவ்வளவு, எப்போது என்று உடைத்துக் கேட்டால்தான் பதில் வரும். அப்படிக் கேட்கப் பழகுவதற்காக இதை எழுதுகிறேன்.

சுண்டெலியின் முதுகுத் தோலில் வேதிப்பொருளைத் தடவிக் கட்டியை வரவைத்து, தாவரச் சேர்மம் ஒன்று அதைத் தடுக்கிறதா என்று பார்க்கும் முறையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பழைய முறைதான். ஆனால் புற்றுநோய் படிப்படியாக வளர்வதைக் கண்ணால் பார்த்து, விரலால் எண்ணக்கூடிய முறைகள் அதிகம் இல்லை. அதனால்தான் இது இன்னும் நிற்கிறது.

முதல் படி: நேர்வாளத்தின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

1775-இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்பவர்களுக்கு விதைப்பைத் தோலில் புற்றுநோய் வருவதையும், தோல் மடிப்பில் தங்கும் புகைக்கரிதான் காரணம் என்பதையும் எழுதிவைத்தார். அதை விலங்கில் செய்துகாட்ட 140 வருடம் ஆனது. 1915-இல் டோக்கியோவில் யமாகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதில் மாதக்கணக்காகத் தார் தடவிப் புற்றுநோயை வரவைத்தார்கள். 1930களில் லண்டனில் கென்னவேயின் குழுவினர் அந்தத் தாருக்குள் இருந்து புற்றை உண்டாக்கிய பென்சோபைரீன் என்ற பொருளைத் தனியே பிரித்தெடுத்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் நமக்கு வேண்டியது. 1940களில் ஐசக் பெரன்புளும் உள்ளிட்ட சிலர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். புற்றுநோய் உண்டாக்கும் பொருளை மிகக் குறைந்த அளவில் ஒரே ஒரு முறை தடவினால் எலிக்குக் கட்டி வருவதில்லை. குரோட்டன் எண்ணெயை மட்டும் பல வாரம் தடவினாலும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. முதலில் அந்தப் புற்றுநோய்ப் பொருளை ஒரு முறை தடவி, அப்புறம் குரோட்டன் எண்ணெயை வாரா வாரம் தடவினால் முதுகெல்லாம் கட்டி. வரிசையை மாற்றி, எண்ணெயை முதலில் தடவினால் கட்டி இல்லை.

குரோட்டன் எண்ணெய் என்பது நம் நேர்வாளத்தின் விதையில் இருந்து எடுப்பது. சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளம். 1960களில் ஹைடல்பெர்க்கில் எரிக் ஹெக்கர் அந்த எண்ணெயில் இருந்து ஃபோர்பால் எஸ்டர்களைப் பிரித்தார். அவற்றில் மிக வீரியமானதைத்தான் இன்று டிபிஏ என்ற பெயரில் சிறு புட்டியில் வாங்குகிறோம்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், உங்கள் ஆய்வில் மருந்தாக வரப்போவது மட்டும் தாவரச் சேர்மம் இல்லை. கட்டியை வளர்த்துவிடப்போவதும் தாவரச் சேர்மம்தான். "இயற்கையானது, அதனால் கெடுதல் இல்லை" என்ற நம்பிக்கையை ஆய்வக வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டாம் படி: மூன்று கட்டங்களையும் பிரித்துப் பாருங்கள்

முதல் கட்டம் தொடக்கம். இதற்கு வழக்கமாகப் பயன்படுவது டிஎம்பிஏ, அதாவது டைமெத்தில்பென்ஸ்ஆந்த்ரசீன். இது தானாகத் தீங்கு செய்வதில்லை. தோலில் உள்ள சைட்டோகுரோம் நொதிகள், முக்கியமாக 1பி1, 1ஏ1 ஆகியவை, இதை மாற்றி டையால் எபாக்சைடாக ஆக்குகின்றன. அது போய் டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான அடினினோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் விளைவாக செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஹெச்-ராஸ் மரபணுவின் 61-ஆம் கோடானில் (மூன்றெழுத்துத் தொகுப்பில்) அடினின் இருந்த இடத்தில் தைமின் வந்துவிடுகிறது. இந்த ஓர் எழுத்து மாற்றத்தை இந்த முறையில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் காணலாம். நடந்தது நடந்ததுதான், திரும்பாது. டிஎம்பிஏ தடவிப் பல மாதம் கழித்து டிபிஏவைத் தொடங்கினாலும் கட்டி வரும்.

இரண்டாம் கட்டம் ஊக்கம். டிபிஏ டிஎன்ஏவைத் தொடுவதில்லை. செல்லுக்குள் இருக்கும் புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியைப் பிடித்து முடுக்கிவிடுகிறது. 1982-இல் ஜப்பானில் நிஷிசூகாவின் ஆய்வகம் இதைக் காட்டியது. தோல் வீங்கும், சிவக்கும், மேல்தோல் தடிக்கும், செல்கள் பெருகும். ராஸ் மாறிய செல் மற்றவற்றை முந்திக்கொண்டு வளர்ந்து மரு போன்ற கட்டியாக, பாப்பிலோமாவாக, எழும்பும். இந்தக் கட்டம் திரும்பக்கூடியது. டிபிஏ தடவும் இடைவெளியை மிகவும் நீட்டினால் கட்டி வராது. இடையில் நிறுத்தினால் வந்த கட்டிகளிலும் பல சுருங்கி மறையும்.

மூன்றாம் கட்டம் முற்றுதல். பாப்பிலோமாக்களில் சிறு பங்குதான் உண்மையான புற்றாக மாறி அடித்தோலுக்குள் இறங்கும். இதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்த மூன்றில் உங்கள் சேர்மம் எதில் கை வைக்கிறது என்று முடிவு செய்த பிறகுதான் மற்ற வேலை. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாம் படி: எப்போது கொடுப்பது என்பதை முடிவு செய்யுங்கள்

மூன்று பழைய ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

மஞ்சளின் குர்குமின். 1988-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் கானியின் குழுவினர், டிஎம்பிஏ தடவிய எலிகளுக்கு வாரம் இரண்டு முறை 5 நானோமோல் டிபிஏவோடு சேர்த்துக் குர்குமினைத் தடவினார்கள். குர்குமின் 1, 3, 10 மைக்ரோமோல் என்று ஏறியபோது ஓர் எலிக்கு வந்த கட்டிகளின் எண்ணிக்கை 39, 77, 98 சதவீதம் குறைந்தது. இங்கே குர்குமின் எதிர்த்தது டிபிஏவை, அதாவது ஊக்கத்தை. இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மைக்ரோமோலுக்கு எதிரே 5 நானோமோல் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அளவு, ஒரு மைக்ரோமோல் என்றால் 1000 நானோமோல்). டிபிஏவின் ஒரு மூலக்கூறுக்கு குர்குமின் 2000. எடையில் அது 3.7 மில்லிகிராம் போல வரும். 98 சதவீதம் என்ற எண்ணை எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதன் பின்னால் இருக்கும் 2000-ஐச் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

ப்ராக்கோலியின் சல்ஃபோராஃபேன். இதை 2006-இல் வெளியான ஆய்வில் டிஎம்பிஏ தடவுவதற்கு முன்னாலேயே 14 நாள் தடவினார்கள். நாளுக்கு 100 நானோமோல்தான். சாதாரண எலிகளுக்குக் கட்டி குறைந்தது. என்ஆர்எஃப்2 என்ற புரதம் இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் குறையவில்லை. செல்லின் நச்சுநீக்கும் நொதிகளை எழுப்பிவிடுவது அந்தப் புரதம்தான். ஆக இந்தச் சேர்மம் வேலை செய்வது தொடக்கத்துக்கு முன்னால், அதுவும் இன்ன வழியில் என்று ஐயமில்லாமல் தெரிந்தது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. தடுக்கும் என்று சொல்வதோடு நிற்காமல், தடுக்காமல் போகும் எலி எது என்றும் காட்டிவிட்டார்கள்.

மூன்றாவது மிளகாயின் கேப்சைசின். 1990களில் கொரிய ஆய்வு ஒன்று இது கட்டியைக் குறைக்கிறது என்றது. 2010-இல் இன்னொரு குழுவினர் டிபிஏவோடு சேர்த்துத் தடவியபோது கட்டி கூடியது என்று வெளியிட்டார்கள். ஒரே சேர்மம், ஒரே வகை எலிமுறை. அளவும் நேரமும் மாறினால் முடிவே தலைகீழாகலாம் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே நோட்டில் முதல் பக்கத்தில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: "இந்தச் சேர்மம் இன்ன அளவில், டிஎம்பிஏவுக்கு முன்னால் (அல்லது டிபிஏவோடு) தடவினால், இன்ன காரணத்தால் கட்டி குறையும்." அந்த வாக்கியம் சோதித்துப் பார்த்துப் பொய் என்று காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

நான்காம் படி: புட்டிக்குள் என்ன இருக்கிறது?

இதில்தான் நம் ஊர் ஆய்வுகள் அதிகம் சறுக்குகின்றன. செடியின் ஊர்ப்பெயரை வைத்து வேலையைத் தொடங்கக் கூடாது. கரிசலாங்கண்ணி என்றால் வெள்ளைப்பூவா மஞ்சள்பூவா? இரண்டும் வெவ்வேறு பேரினங்கள். பூவோடு சேர்த்து ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் உள்ள ராபினாட் ஹெர்பேரியத்திலோ (உலர்தாவரக் காப்பகம்) கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் தென்மண்டல மையத்திலோ காட்டி இனத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். மாதிரி எண்ணை வாங்கி வையுங்கள். எந்த மாதத்தில், எந்த ஊரில் பறித்தது என்பதும் வேண்டும்.

சாறா, தனிச் சேர்மமா என்பது அடுத்த கேள்வி. எத்தனால் சாற்றில் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கும். அது வேலை செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. செய்யாவிட்டாலும் எது கெடுத்தது என்று தெரியாது. புதிதாக வருபவருக்கு நான் சொல்வது, முதல் ஆய்வைத் தூய சேர்மத்தோடு தொடங்குங்கள். தூயது என்று எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம். கடையில் "குர்குமின்" என்று வருவது பெரும்பாலும் மூன்று பொருள்களின் கலவை. முக்கால் பங்கு போலக் குர்குமின், மிச்சம் அதன் இரண்டு உறவுக்காரச் சேர்மங்கள். கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி கருவியில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நிலைப்புத்தன்மையும் பாருங்கள்: நடுநிலை பிஎச் உள்ள கரைசலில் குர்குமின் அரை மணி நேரத்தில் பெருமளவு சிதைந்துவிடும், வெளிச்சமும் ஆகாது. அசிட்டோன் என்ற கரைப்பானில் அன்றன்றைக்குக் கரைத்து, புட்டியை அலுமினியத் தாளில் சுற்றி வைப்பது அதனால்தான்.

ஐந்தாம் படி: அனுமதியும் பாதுகாப்பும்

இந்தியாவில் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியக் குழுவில் பதிவான விலங்கு இல்லத்தில்தான் இந்த ஆய்வைச் செய்யலாம். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த பிறகுதான் எலியையே வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் எலிகளின் எண்ணிக்கைக்குக் கணக்கு காட்டுங்கள். எந்த நிலையில் ஓர் எலியை ஆய்வில் இருந்து எடுத்து வலியில்லாமல் முடித்துவிடுவீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள். கட்டி புண்ணாகி நீர் வடிந்தால், எடை ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால், நடக்கவோ தின்னவோ சிரமப்பட்டால் காத்திருக்கக் கூடாது. 20 வாரம் முடியட்டும் என்று ஓர் எலியை வதைத்து வைத்திருக்க நமக்கு உரிமை இல்லை.

டிஎம்பிஏ நமக்கும் ஆபத்தானது. எடை போடுவது, கரைப்பது எல்லாம் நச்சுக் காற்றை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூடுக்குள். இன்னொரு விஷயம், புதியவர்கள் பலருக்குத் தெரியாது: ஆய்வகத்தில் எங்கும் கிடக்கும் நீல நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சீக்கிரமே ஊடுருவிவிடும். இரண்டு கையுறை போடுங்கள், சொட்டு பட்டவுடன் மேல் கையுறையைக் கழற்றி எறியுங்கள். டிபிஏ பட்டால் தோல் எரிந்து சிவக்கும். தடவிய எலிகளின் கூண்டில் இருக்கும் உமி, மரத்தூள் படுக்கையும் நச்சுக் கழிவுதான். அதைத் தனிப் பையில் கட்டி எரிப்பதற்கு அனுப்ப வேண்டும். கூண்டு கழுவும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள், நேரிலும் சொல்லுங்கள். அவர்களுக்கும் முகக்கவசமும் கையுறையும் கொடுக்கிறார்களா என்று பார்ப்பது உங்கள் வேலை.

ஆறாம் படி: முதலில் இரண்டு நாள் சோதனை

நேராக 20 வார ஆய்வில் இறங்காதீர்கள். டிபிஏவை ஒரே ஒரு முறை தடவினாலே தோல் பதில் சொல்லும். எலியின் காதில் தடவிச் சில மணி நேரத்தில் காது எவ்வளவு தடித்தது என்று பாருங்கள். முதுகில் தடவி 5 மணி நேரம் போலக் கழித்து செல் பெருக்கத்தோடு ஏறும் ஆர்னித்தின் டிகார்பாக்சிலேஸ் நொதி எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். 48 மணி நேரத்தில் மேல்தோலின் தடிமனை ஸ்லைடில் அளந்து பாருங்கள். உங்கள் சேர்மத்தை டிபிஏவுக்கு அரை மணி நேரம் முன்னால் தடவியும் இவற்றில் எதுவுமே குறையவில்லை என்றால், ஊக்கத்தை அது தடுக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் குறைவு. சில எலிகளோடு தெரிந்துபோகும் விஷயத்துக்கு 150 எலிகளைச் செலவிட வேண்டாம்.

எந்த அளவில் சேர்மமே தோலை எரிக்கிறது என்பதும் இங்கேயே தெரிந்துவிடும்.

ஏழாம் படி: எலிகளும் குழுக்களும்

எலியின் வகை முக்கியம். சென்கார் எலிகள் இந்த முறைக்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்டவை, கட்டி சீக்கிரம் வரும். சி57 கருப்பெலிகள் டிபிஏவுக்கு எளிதில் மசியாது. நம் நாட்டில் பெரும்பாலும் சுவிஸ் அல்பினோ கிடைக்கும். வயது 7 முதல் 9 வாரம். அப்போதுதான் முதுகு முடி ஓய்வுக் கட்டத்தில் இருக்கும். தடவுவதற்கு 2 நாள் முன்னால் முடியை மழியுங்கள். மழித்த இடத்தில் தோல் கருக்கவோ முடி உடனே முளைக்கவோ தொடங்கினால் அந்த எலி ஓய்வுக் கட்டத்தில் இல்லை, விட்டுவிடுங்கள்.

பெண் எலிகளை எடுங்கள். என்னுடைய முதல் ஆய்வில் ஆண் எலிகளைக் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். ஒரே கூண்டில் ஐந்து ஆண்கள். நான்காம் வாரத்துக்குள் முதுகெல்லாம் கடி. காயம் ஆறும்போது செல்கள் பெருகும். அந்தப் பெருக்கமே டிபிஏவைப் போல ஊக்கியாக வேலை செய்யும். எந்தக் கட்டி டிபிஏவால், எது கடியால் என்று பிரிக்க முடியாமல் அந்த ஆய்வு முழுவதையும் கைவிட்டேன். அந்த எலிகளை நினைத்தால் இன்றைக்கும் மனது கஷ்டப்படும்.

குழுக்களை இப்படி வையுங்கள். அசிட்டோன் மட்டும். டிஎம்பிஏவும் அசிட்டோனும். அசிட்டோனும் டிபிஏவும். டிஎம்பிஏவும் டிபிஏவும். அதோடு உங்கள் சேர்மம் இரண்டு அல்லது மூன்று அளவுகளில். சேர்மம் மட்டும். இவ்வளவும் எல்லாரும் வைப்பதுதான். நான் கெஞ்சிக் கேட்பது இன்னொன்று: டிஎம்பிஏ தடவிய எலிக்கு டிபிஏவுக்குப் பதிலாக உங்கள் சேர்மத்தையே வாரா வாரம் தடவும் ஒரு குழு. அதில் கட்டி வந்தால் உங்கள் சேர்மமே ஊக்கி. நேர்வாளத்தையும் மிளகாயையும் பார்த்த பிறகு இந்தக் குழுவை விட்டுவிடுவது நியாயம் இல்லை. ஆனால் பெரும்பாலான கட்டுரைகளில் அது இருக்காது.

ஏற்கெனவே வேலை செய்யும் என்று தெரிந்த ஒன்றையும் வையுங்கள். ஃபுளூசினோலோன் அசிட்டோனைடு என்ற ஸ்டீராய்டு இந்த முறையில் ஊக்கத்தைப் பலமாகத் தடுக்கும். உங்கள் கையில் அதுவும் தடுக்கவில்லை என்றால் தவறு சேர்மத்தில் இல்லை, முறையில்.

ஒரு குழுவுக்கு 20 முதல் 30 எலிகள் வழக்கம். எந்த எலி எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கைக்கு முதலில் அகப்படும் எலி பெரும்பாலும் சோம்பலான எலி. அவை எல்லாம் ஒரே குழுவுக்குப் போய்விடும்.

நம் பக்கத்து ஆய்வகங்கள் பலவற்றில் டிபிஏ இல்லாமல் டிஎம்பிஏவையே வாரம் இரண்டு முறை 8 வாரம் தடவும் முறை உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்து அப்படி நிறையக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. டிபிஏவின் விலையைப் பார்த்தால் காரணம் புரியும். புற்று முற்றிய நிலையைப் பார்க்க அது உதவும். ஆனால் ஒவ்வொரு தடவலிலும் தொடக்கமும் ஊக்கமும் சேர்ந்தே நடக்கும் என்பதால், சேர்மம் எந்தக் கட்டத்தைத் தடுத்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. செலவைக் குறைக்க நேர்வாள எண்ணெயையே பயன்படுத்துபவர்களும் உண்டு. எண்ணெய்க்கு எண்ணெய் வீரியம் மாறும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எட்டாம் படி: தடவும் வாரங்கள்

பரவலான அளவு: டிஎம்பிஏ 100 நானோமோல், அதாவது 25.6 மைக்ரோகிராம், 200 மைக்ரோலிட்டர் அசிட்டோனில் ஒரே ஒரு முறை. ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து டிபிஏ, வாரம் இரண்டு முறை, 20 வாரம் போல. எலியின் வகையைப் பொறுத்து டிபிஏ 5 நானோமோலில் இருந்து 17 வரை போகும். திங்கள், வியாழன் என்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் விடுமுறை, தேர்வு, கல்யாணம் எதுவும் அதை மாற்றக் கூடாது. ஊக்கம் இடைவெளியை நம்பி நடப்பது என்று மேலே பார்த்தோம் இல்லையா?

சேர்மத்தையும் டிபிஏவையும் ஒரே புட்டியில் கலக்காதீர்கள். கலந்தால், சேர்மம் செல்லுக்குள் வேலை செய்ததா அல்லது டிபிஏவைத் தோலுக்குள் இறங்கவிடாமல் மேலேயே பிடித்துவைத்ததா என்ற கேள்வி வரும். 15 முதல் 30 நிமிடம் முன்னால் தனியாகத் தடவுங்கள். அசிட்டோன் காய்ந்த பிறகு எலியைக் கூண்டில் விடுங்கள். எலிகள் ஒன்றையொன்று நக்கும், அதனால் ஒரே கூண்டில் இரண்டு குழு எலிகளை வைக்கவே கூடாது.

எட்டாவது, பத்தாவது வாரம் வாக்கில் முதல் கட்டி தெரியும். வாரம் ஒரு முறை எண்ணுங்கள். 1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து, அடுத்த வாரமும் நின்றால்தான் கணக்கு. முதுகின் படம் ஒன்று வரைந்து ஒவ்வொரு கட்டியின் இடத்தையும் குறியுங்கள். இல்லாவிட்டால் போன வாரக் கட்டி எது, புதியது எது என்று சண்டை வரும். எண்ணுபவருக்கு எந்தக் குழு என்று தெரியக் கூடாது. குர்குமின் போன்ற மஞ்சள் பொருளில் இது நடக்காத காரியம், முதுகே காட்டிக்கொடுத்துவிடும். அங்கே ஸ்லைடு பார்க்கும் நோயியல் மருத்துவருக்காவது எண் மட்டும் கொடுங்கள், குழுவின் பெயரைக் கொடுக்காதீர்கள்.

வாரா வாரம் எடை பாருங்கள். இதைச் சடங்காகச் செய்பவர்கள்தான் அதிகம். 1940களில் ஆல்பர்ட் டானன்பாம் காட்டியது, உணவைக் குறைத்தாலே எலியின் தோல் கட்டிகள் குறையும் என்று. உங்கள் சேர்மத்தைத் தீனியில் கலந்து கொடுக்கிறீர்கள், அது கசக்கிறது, எலி குறைவாகத் தின்கிறது, இளைக்கிறது, கட்டியும் குறைகிறது என்றால் வேலை செய்தது பட்டினி. வேம்பு, நிலவேம்பு என்று கசப்புச் செடிகளை எடுத்திருப்பவர்கள் தீனியையும் எடைபோட்டு, அதே அளவு தீனி மட்டும் கொடுக்கும் ஒரு குழுவையும் சேர்க்க வேண்டும்.

ஒன்பதாம் படி: எண்களைப் படிப்பது

கட்டி வந்த எலிகளின் சதவீதம் ஒன்று. ஓர் எலிக்குச் சராசரியாக எத்தனை கட்டி என்பது இன்னொன்று. முதல் கட்டி எந்த வாரம் என்பது மூன்றாவது. மூன்றையும் கொடுங்கள். ஒன்று குறைந்து மற்றது குறையாமல் இருந்தால் அதுவே செய்தி. கட்டியின் எண்ணிக்கை மணி வடிவத்தில் பரவுவதில்லை. பல எலிகளுக்குப் பூஜ்யம், இரண்டு எலிகளுக்கு இருபது என்று இருக்கும். சராசரியை எடுத்து, மணி வடிவப் பரவலை நம்பும் அனோவா சோதனையை ஓட்டிவிட்டு, வேறுபாடு உண்டு என்று நட்சத்திரக் குறி போடாமல், வரிசைத் தர முறையையோ எண்ணிக்கைக்கான மாதிரியையோ பயன்படுத்துங்கள். ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே புள்ளியியல் ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். முடிந்த பிறகு போனால் அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

மருந்து கொடுத்த குழுவில் ஓர் எலிக்குக்கூடக் கட்டி இல்லை என்று வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், டிபிஏ அன்றைக்கெல்லாம் சரியாகத் தடவப்பட்டதா என்று நோட்டைப் புரட்டுங்கள்.

பத்தாம் படி: மனிதரிடம் வரும்போது

கட்டி குறைந்தது, கட்டுரை வந்தது. மறுநாளே செய்தித்தாளில் இருந்தோ சொந்தக்காரரிடம் இருந்தோ போன் வரும். "அப்போ இதைத் தடவினா தோல் புற்றுநோய் வராதா?"

பதில் சொல்வதற்கு முன்னால் சிலவற்றை நினைவில் வையுங்கள். சுண்டெலித் தோல் நம் தோலைவிட மெல்லியது, அதனால் சேர்மம் எளிதாக இறங்கும். மனிதரின் தோல் புற்றுநோய்க்கு உலகெங்கும் பெரிய காரணம் வெயிலின் புறஊதாக் கதிர். வேதிப்பொருளால் வருவது என்றால் ஆர்செனிக் கலந்த குடிநீர், தார், புகைக்கரி, சுத்திகரிக்காத கனிம எண்ணெய் ஆகியவை. மேற்கு வங்கத்தில் ஆர்செனிக் தண்ணீர் குடித்தவர்களின் உள்ளங்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே முதல் தடுப்பு மருந்து நல்ல தண்ணீர். தார் வேலை செய்பவருக்குக் கையுறையும் சோப்பும் கொடுப்பதுதான் முதல் வேலை. நம் சேர்மம் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஆய்வகத்தில் நன்றாக இருந்து மனிதரிடம் தோற்ற கதைகளையும் படியுங்கள். கேரட்டின் பீட்டா கரோட்டினை ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்த 1805 பேரை வைத்து அமெரிக்காவில் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நாளுக்கு 50 மில்லிகிராம், ஐந்து வருடம். 1990-இல் முடிவு வந்தது: புதிய தோல் புற்றுநோய் குறையவில்லை. பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு அதையே கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியே போனது.

இங்கினால் மெபுட்டேட் என்ற மருந்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. யூஃபோர்பியா பெப்லஸ் என்ற சிறு செடியின் பாலில் இருந்து எடுத்தது. அந்தச் செடி நம் அம்மான் பச்சரிசியின் பேரினம், நேர்வாளத்தின் குடும்பம். ஆஸ்திரேலியாவில் ஊர்மக்கள் அதன் பாலைத் தோல் புண்களில் தடவிவந்தார்கள். புற்றுநோய்க்கு முந்தைய வெயில் தடிப்புகளுக்கான களிம்பாக அமெரிக்காவும் ஐரோப்பாவும் 2012-இல் ஒப்புதல் கொடுத்தன. இதுவும் டிபிஏவைப் போலவே புரோட்டீன் கைனேஸ் சியை முடுக்கும் சேர்மம். பிறகு, தடவிய இடத்தில் தோல் புற்றுநோய் கூடுவதாகத் தரவுகள் வந்தன. 2020-இல் ஐரோப்பிய மருந்து முகமை, நன்மையைவிட ஆபத்து அதிகம் என்று முடிவு செய்தது.

ஆகவே போனில் கேட்கும் சித்திக்கு நான் சொல்வது இதுதான்: "சித்தி, எலி முதுகுல அசிட்டோன்ல கரைச்சுத் தடவிப் பார்த்தது அது. நீங்க மஞ்சளைக் குழம்புல போடுங்க, முகத்துல பூசுங்க, அது வேற. ஆனா ஒரு மாசமா ஆறாத புண்ணு, ரத்தம் கசியுற மரு, நிறமும் ஓரமும் மாறிக்கிட்டே போற மச்சம் இருந்தா, அதுமேல அம்மான் பச்சரிசிப் பால் வைக்காதீங்க. தோல் டாக்டர்கிட்ட காட்டி, துளி சதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. பழைய தீக்காயத் தழும்புல புண்ணு வந்தா ஒரு மாசம்கூடக் காத்திருக்க வேணாம்."